களத்தில் காய வைத்த நிலா

ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆள், மூக்கில் உமிச்சாம்பலும் கன்னத்தில் ஐந்து விரலுமாக ரயில்வே போலீஸ் முன்னால் நின்று, "கல்லை எறிஞ்சது நான்தான் சார்" என்று பொய் சொன்னான். அந்தப் பொய்யை நிரூபிக்க ஒரு வாய்ப்பும் கொடுத்தார்கள். அவனால் முடியவில்லை. உண்மையை நிரூபிக்க முடியாமல் போனவர்கள் ஊரில் ஏராளம். பொய்யைக்கூட நிரூபிக்க வக்கில்லாமல் நின்றவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

நான் கும்பகோணத்தில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வாகன விபத்துகளைப் பார்க்கிறவன். நசுங்கிய தகரத்தைத் தடவி, அடி எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு வேகத்தில் வந்தது, வண்டிக்காரர் சொல்வதில் எத்தனை பங்கு புளுகு என்று எழுதிக் கொடுப்பது பிழைப்பு. பிழைப்பு இப்படி இருப்பதால் வானத்திலும் எனக்குப் பிடித்தது நிலாதான். மற்றவர்களுக்கு அது காதலியின் முகமாகத் தெரிகிறது. எனக்குத் திருவாரூர் ரோட்டில் நாலு முறை மோதிவிட்டு ஒரு முறைகூட க்ளெய்ம் போடாத டவுன் பஸ்ஸின் முகப்பாகத் தெரிகிறது. அது பிறந்ததே ஒரு விபத்தில். பூமிப் பிஞ்சின் மேல் இன்னொரு கோள் வந்து மோதி, தெறித்த சிதறல் திரண்டு நிலாவானது என்கிறார்கள். பிறந்த பிறகும் நிம்மதி இல்லை. கோடிக்கணக்கான வருஷங்கள் கல்லடி. சூரியக் குடும்பம் என்று பெயர் வைத்தவர்கள் குடும்பம் என்றால் என்ன என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

நீடாமங்கலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ரயில் நிலையம். பெயர் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வாங்கியது போதும். அதை ஒட்டி, ஓடாமல் கிடக்கும் ஒரு ரைஸ் மில். மில் முதலாளி நல்ல மனிதர். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்பு நடத்த மூட்டை அடுக்கும் கொட்டகையைக் கொடுத்திருந்தார். அங்கே பொது அறிவியல் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மாணவர்கள் எல்லாம் இருபதைத் தாண்டியவர்கள். வியாழனுக்கு எத்தனை துணைக்கோள், சனிக்கு எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தலைக்கு மேல் நிற்கிற நிலாவை ஒருத்தரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கேள்வித்தாளில் நிமிர்ந்து பார்க்கச் சொல்லி ஒரு கேள்வியும் வருவதில்லை என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருக்கிற இடத்தில் நான் தலையிடாமல் இருந்ததே இல்லை.

"அடுத்த வாரம் நாமே நிலாப் பள்ளம் உண்டாக்கிப் பார்ப்போம்" என்று அறிவித்தேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண். கடற்கரைக் கிராமம், அப்பா படகில் போகிறவர். படிப்புக்காக இங்கே அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம், நீளம் தாண்டல், குண்டு எறிதல் எல்லாம் முடித்துத் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது போலீஸ் வெரிபிகேஷன் ஒன்றுதான். இவள் பேரில் எந்த ஸ்டேஷனிலும் எந்த வழக்கும் இல்லை என்று எழுதி வர வேண்டும். ஒரே ஒரு வழக்கு, அது பொய் வழக்காகவே இருந்தாலும் சரி, வந்து ஒட்டிக்கொண்டால் காக்கி கிடையாது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பதற்காகவே வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். வேலை வரவில்லையென்றால் வைகாசியில் கல்யாணம் என்று அத்தை முடிவே செய்துவிட்டாளாம். "மாப்பிள்ளை எப்படி?" என்று ஒருமுறை கேட்டேன். "அவரும் ரெண்டு தடவை இதே பரீட்சை எழுதி ஃபெயிலு சார்" என்றாள்.

சோதனைக்கு வேண்டியது மூன்று. மிருதுவான தரை, அதன் மேல் வேறு நிறத்தில் ஒரு பூச்சு, எறியக் கல். மில்லின் பின்னால் கறுப்பாக உமிச்சாம்பல் மலைபோல் கிடந்தது. கோலமாவு கடையில் கிடைத்தது. கல் விழுந்தால் வெள்ளை மேல் கறுப்புத் தெறித்து, நிலாவில் பள்ளத்தைச் சுற்றித் தெரியும் கதிர்கள் போலவே வரும். கல்லுக்குத்தான் திண்டாட்டம். காவிரிப் படுகையில் கல் கிடையாது. தோண்டினால் வண்டல், அதற்குக் கீழே வண்டல், அதற்கும் கீழே மணல். பெரிய கோயிலுக்கே கல் வெளியூரிலிருந்து வந்ததுதான். இந்தப் பக்கம் நாயை விரட்டக்கூட மண்ணாங்கட்டியைத்தான் எடுக்க வேண்டும்.

"கல்லா இல்ல?" என்றான் துணிக்கடைக்காரர் மகன். இவனும் கடலோரத்து ஊர்தான். வளைகுடாவுக்குப் போய், பேசின வேலை ஒன்று, கொடுத்த வேலை ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டுவது என்றானதால் திரும்பி வந்து, இப்போது கிராம நிர்வாக அலுவலர் ஆகிவிடுவது என்று இருக்கிறவன். "மதிலுக்கு அந்தாண்ட பாருங்க சார், மைல் கணக்கா கொட்டி வச்சிருக்கான்."

தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கருங்கல் ஜல்லியைச் சொன்னான். உள்ளங்கை அளவு, முனை முனையாக, விண்கல்லுக்கு அச்சு அசல்.

"ரயில்வே கல்லு வேணாம் சார்" என்றாள் அந்தப் பெண். "தொட்டாலே கேஸு."

"தண்டவாளத்துக்கு அடியிலிருந்தா எடுக்கப் போறோம்? ஓரத்துல உதிர்ந்து கிடக்கிறதும்மா. ஒரு சாக்கு. முடிஞ்சதும் திருப்பிப் போட்டுடலாம்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ விபத்து வாக்குமூலங்களில் படித்திருக்கிறேன். ஓரமாகத்தான் போனேன், ஒரு நிமிஷம்தான், திருப்பிவிடலாம் என்றுதான். படித்தவனுக்கு உறைக்கவில்லை.

மாசி மாத ஞாயிறு. சம்பா அறுவடை முடிந்து ஊர் முழுக்க வைக்கோல் தூசி. சாயங்காலம் நாலு மணிக்கே கிழக்கே பகல் நிலா வெளுப்பாக எட்டிப் பார்த்தது. "சாம்பலைக் களத்துல பரப்புங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக ஆபத்தான வாக்கியம் இதுதான் என்று இப்போது தெரிகிறது.

களம் என்றால் அவித்த நெல்லைக் காய வைக்கும் சிமெண்டுத் தரை. இங்கே பிறந்த எவனிடமும் களத்தில் ஒன்றைப் பரப்பச் சொன்னால் அவன் கை கால்களுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். திரும்பி வந்தபோது சாம்பலை மரப்பலகையால் இழுத்து, மெல்லிசாக, சமமாக, சீக்கிரம் உலரும்படி பரப்பி, காலால் அளைந்து கோடு கோடாகப் பாத்தி போட்டிருந்தார்கள். அதன் மேல் கோலமாவு. ஒரு சாண் ஆழம் இருக்க வேண்டிய நிலா, விரல் கனத்தில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கும் இந்த ஊர்க் கண்தானே? களத்தைப் பார்த்ததும், "அடடா, என்ன பதவிசாகப் பரப்பியிருக்கிறார்கள்" என்று தோன்றியது. கீழே சிமெண்டு இருக்கிறதே என்று தோன்றவில்லை.

மூட்டை ஏற்றும் மேடை மேல் நின்று முதலில் கல்லைச் சும்மா போட்டார்கள். டொக் என்று விழுந்தது. சின்னதாக ஒரு குழி, சுற்றிக் கறுப்புப் பொட்டுகள். "இவ்வளவுதானா சார்?" என்றார்கள். நானும் சும்மா இருக்கலாம் இல்லையா? "நிலா மேல விழுந்தது யாரும் பாவம் பார்த்துப் போட்டதில்ல. வேகம் வேணும்" என்றேன்.

துணிக்கடைக்காரர் மகன்தான் ஆரம்பித்தான். கல்லைத் தலைக்கு மேல் தூக்கி, "இது எனக்கு விசா எடுத்துத் தந்த என் மச்சானுக்கு!" என்று வீசினான். சாம்பல் வெடித்துக் கிளம்பியது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு வானியல் இல்லை. பரீட்சையைத் தள்ளி வைத்தவனுக்கு ஒன்று. வினாத்தாளை வெளியே விட்டவனுக்கு ஒன்று. வேலை இல்லாதவன் என்று பந்தியில் கடைசியாக உட்கார வைத்த மாமாவுக்கு ஒன்று, அவர் பெண்டாட்டிக்குத் தனியாக ஒன்று. வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்த அவ்வளவு ஆத்திரமும் நிலா மேல் இறங்கியது. முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை. ஒருவன் எறிந்துவிட்டு அழுதான். இன்னொருவன் கல் தீர்ந்து செருப்பை எறிந்தான். அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டிய நான், மேடை ஓரம் நின்று, "அப்படித்தான்! ஆரம்ப காலத்துல சரியா இப்படித்தான் இருந்துச்சு!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"நீ ஏம்மா சும்மா நிக்கிற?" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டது நான்தான்.

அவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள். ஒரு கல்லை எடுத்துக் கையில் எடை பார்த்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அத்தைக்கோ, அந்த இரண்டு தடவை ஃபெயிலுக்கோ தெரியாது. சின்ன வயதிலிருந்து வலை இழுத்த தோள். குண்டு எறிதலில் முழு மதிப்பெண். வலது காலை ஊன்றி அவள் வீசியபோது காற்று கிழிந்த சத்தம் கேட்டது. கல் சாம்பலில் பட்டது, சிமெண்டில் தீப்பொறி பறந்தது, மறு கணம் கல் அங்கே இல்லை. எம்பி, மதிலைத் தாண்டி, அப்பால் போய்விட்டது.

அப்பால் சிக்னலுக்காக ஒரு கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. டங் என்று கோயில் மணி போல ஒரு சத்தம். கடைசிப் பெட்டி வாசலில் நின்ற கார்டு தலையை இழுத்துக்கொள்வது மேடையிலிருந்து தெரிந்தது. பிறகு அவர் மெல்ல எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது என்ன? ஒரு மேடை, அதன் மேல் கரி பூசிய ஒரு கும்பல், எல்லார் கையிலும் கல்.

வாக்கிடாக்கி எப்படிப் பேசியதோ, தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் ஒருவர் மதிலேறிக் குதித்தார். பின்னாலேயே டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு. கும்பலுக்கு நான்தான் பெரியவன் என்பது என் வழுக்கையைப் பார்த்ததுமே கேங்மேனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேராக வந்தார். "ஐயா, இது நிலாவுல எப்படிப் பள்ளம்…" என்று தொடங்கினேன். அறை விழுந்தது. கண்ணாடி போன திசை தெரியவில்லை.

"ரயிலு மேலயா கல்லு விடுற? உள்ள ஒரு உசுரு நிக்கிறது தெரியல? ஏன்யா, வெயில்ல நின்னு ஒவ்வொரு கல்லா இடிச்சு இடிச்சுப் பதிக்கிறோம், அதையே பொறுக்கியாந்து அதும் மேலயே எறியறியா?"

சட்டைக் காலர் அவர் கையோடு போனது. துணிக்கடைக்காரர் மகன் குறுக்கே விழுந்து அவனும் இரண்டு வாங்கினான். "அடிக்காதீங்க, அவரு வாத்தியாரு!" என்று அவன் கத்தியது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. "வாத்தியாரா நீ?" என்று ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து முதுகில் ஒன்று வந்தது. யாருக்கோ பள்ளிக்கூடத்துப் பாக்கி இருந்திருக்கும். யாரோ என்னைத் தள்ள, நிலா மேல் குப்புற விழுந்தேன். சுவாசத்தில் உமிச்சாம்பல். ஒரு பக்கக் கன்னத்தில் கோலமாவு. அந்தப் பெண் மட்டும் மேடை மேல் அசையாமல் நின்றாள். உதடு வெளுத்திருந்தது. அவள் பயந்தது அடிக்கு இல்லை என்பது தரையில் கிடந்த எனக்கும் தெரிந்தது.

ரயில்வே எஸ்.ஐ. ஒரு பைக்கில் வந்து இறங்கினார். கூட்டத்தை விலக்கினார். கூட்ஸ் வண்டி அதற்குள் போய்விட்டிருந்தது. கார்டுக்கு அடி இல்லை, பெட்டியில் சொட்டை மட்டும் என்று யாரோ சொன்னார்கள். எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார்.

"எறிஞ்சது யாரு? ஒருத்தன் பேரு சொன்னா ஒருத்தன் மேல கேஸு. சொல்லலன்னா எல்லார் பேரும் எழுதுவேன்."

அப்போதுதான் எனக்குள் ஒரு பெருந்தன்மை கிளம்பியது. எழுந்து, சாம்பலைத் தட்டிக்கொண்டு, முதலில் சொன்ன அந்தப் பொய்யைச் சொன்னேன்.

எஸ்.ஐ. என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். "நீயா?"

"நான்தான் சார்."

"இங்கேருந்து? மதிலத் தாண்டி, வாய்க்காலத் தாண்டி, கார்டு பெட்டி வரைக்கும்?" ஒரு கல்லைக் குனிந்து எடுத்து என் கையில் வைத்தார். "இப்ப வண்டி ஒண்ணும் இல்ல. எறிஞ்சு காட்டு."

உயிரைக் கொடுத்து எறிந்தேன். தோளில் ஏதோ கிறுக் என்றது. கல் போன தூரத்தை நான் சொல்ல வேண்டாம். ஒரு கோழி குறுக்கே வந்தது. அது அவசரப்படாமல் ஒதுங்கிப் போனது. என்னை அறைந்த கேங்மேன்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

"இந்தக் கையால சோறு பிசையறதே பெருசு" என்றார் எஸ்.ஐ. "யாரைய்யா காப்பாத்துற?"

"நான்தான் சார் எறிஞ்சேன்." மேடையிலிருந்து அவள் இறங்கி வந்தாள். குரல் நடுங்கியது, சொன்னது நடுங்கவில்லை. "ரயிலப் பார்த்து எறியல சார். கீழதான் எறிஞ்சேன். அடியில சிமெண்டு, அதான் எம்பிடுச்சு. போலீஸ் செலக்‌ஷன் ஆயிட்டேன் சார், வெரிபிகேஷன் மட்டும்தான் பாக்கி. நான் எதுக்கு சார் ரயிலு மேல எறியப் போறேன்?"

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீங்க. கீழ எறிஞ்ச கல்லு அவ்வளவு உசரம் எம்புமா? பந்தா அது?"

"எம்பும் சார்" என்றேன் நான். அடி எங்கே பட்டு எங்கே போகும் என்பது என் தொழில் அல்லவா? மதிலோரம் ஓடிப்போய் நின்றுகொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். "பட்ட இடம் அது. இந்தக் கோணத்துல கிளம்பினா, சரியா இந்த உசரத்துல மதிலத் தாண்டும் சார். வேணும்னா…"

"நீ பேசாத. எம்மா, அதே மாதிரி எறி. பார்க்கிறேன்."

அவள் எறியத் தயங்கினாள். "எறிங்கிறேன்ல?" என்று எஸ்.ஐ. அதட்டினார். மறுபடி மேடை ஏறி எறிந்தாள்.

மறுபடி தீப்பொறி. சாம்பல் புகைக்குள்ளிருந்து கல் எம்பி வந்தது. எஸ்.ஐ. குனிந்தார். கேங்மேன் குனிந்தார். ஆட்டோ ஸ்டாண்டு மொத்தமும் தரையோடு தரையானது. நான் மட்டும் நின்றேன். மதிலைத் தாண்டுமா தாண்டாதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நான் சொன்ன கோணத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக வருகிறதே, ஏன் என்று யோசித்தேன். யோசனை முடிவதற்குள் நெற்றிக்கு வந்து சேர்ந்தது.

வலி பிறகுதான் வந்தது. முதலில் சத்தம். ரத்தம் கண்ணில் இறங்கி, சாம்பலில் சொட்டி, ஒவ்வொரு சொட்டும் சின்னச் சின்னப் பள்ளம் உண்டாக்கியது. அன்று முழுக்க நாங்கள் உண்டாக்கிய பள்ளங்களிலேயே அவைதான் வட்டமாக இருந்தன.

கேங்மேன்தான் முதலில் ஓடி வந்தார். அறைந்த அதே கை துண்டை மடித்து நெற்றியில் அழுத்தியது. "அமுக்கிப் பிடிங்க சார், அமுக்கிப் பிடிங்க" என்றார். ரத்தம் வந்த பிறகு மரியாதையும் வந்திருந்தது.

எஸ்.ஐ. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கல் எம்பும் என்பது அவருக்கு இப்போது தெளிவாகிவிட்டது. வேறொன்றும் தெளிவாகிவிட்டது. இதை எழுத ஆரம்பித்தால், எஸ்.ஐ. உத்தரவின் பேரில், எஸ்.ஐ. முன்னிலையில் எறியப்பட்ட கல்லால் ஒரு பொதுஜனம் மண்டை உடைந்தது என்பதையும் எழுத வேண்டும். வாசல் பக்கம் ஒரு டஜன் செல்போன்கள் வேறு நின்றன. பேனாவை மூடினார்.

"அந்தக் கார்டுகிட்ட நான் பேசிக்கிறேன். இங்க யாரும் எதையும் எறியல" என்றார். "இவரு வழுக்கி விழுந்துட்டாரு. என்ன சார்?"

"வழுக்கித்தான் சார் விழுந்தேன்" என்றேன். அன்று நான் சொன்ன இரண்டாவது பொய். இதை நிரூபிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கல்லையெல்லாம் எடுத்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே தண்டனை. வகுப்பு மொத்தமும் சாம்பலை அளைந்து அளைந்து கல் பொறுக்கிச் சாக்கில் சுமந்துபோய்த் தண்டவாள ஓரத்தில் அடுக்கியது. கேங்மேன் பக்கத்தில் நின்று, "அப்படிக் கொட்டாத, பார்த்து வை" என்று மேய்த்தார். மேலே நிலா நன்றாக வெளிச்சம் பிடித்திருந்தது. முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்களாம். துணிக்கடைக்காரர் மகன் மட்டும், "பாவம்" என்றானாம். என்னையா அதையா என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் ஒரு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டியவர் முதுகில் அடித்தவர்தானா என்றும் கேட்கவில்லை.

ஆனி மாதம் அந்தப் பெண் என் அலுவலகத்துக்கு ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தாள். முடியைக் கத்தரித்திருந்தாள். வெரிபிகேஷன் சுத்தமாக வந்து, பயிற்சிக்குக் கிளம்புகிறாளாம். அத்தை பார்த்த மாப்பிள்ளை மூன்றாவது தடவை எழுதப் போகிறாராம். சக ஊழியர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது. நெற்றியைக் காட்டினேன். தையல் போட்ட தழும்பு, நடுவில் குழி, சுற்றிக் கதிர் கதிராகக் கோடுகள்.

"பார்த்தியாம்மா, அச்சா நிலாப் பள்ளம். அன்னைக்கு இந்த அடிய நான் வாங்கலன்னா உனக்கு இந்தக் காக்கி இல்ல."

அவள் அருகில் வந்து தழும்பை உற்றுப் பார்த்தாள், நான் நசுங்கிய பம்பரைப் பார்ப்பதுபோல.

"எல்லாரும் குனிஞ்சாங்க சார். கோழிகூட ஒதுங்கிப் போச்சு. நிலாவாலதான் சார் ஒதுங்க முடியாது. உங்களுக்கு என்ன?"